தெரியாத இலக்கம்

வட்டக்கச்சியில் ஒருவர் வெளிநாடு போன விஷயம், அவர் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஒரு படம் அனுப்பிய பிறகுதான் ஊருக்குத் தெரியவரும். பல்லுப் பிடுங்க வவுனியாவுக்குப் போவதாகச் சொல்லி பஸ் ஏறிய ஒருவர் நாலாம் நாள் பாரிசிலிருந்து கதைத்திருக்கிறார். அவருடைய பல் என்னவாயிற்று என்று இன்றுவரை ஒருவரும் விசாரிக்கவில்லை. வெளியே சொன்னால் கண்பட்டுவிடும், யாராவது மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதிப் போடுவார்கள், பயணம் குழம்பும். விசா கையில் வரும்வரை மூச்சு விடக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் புதுச் சூட்கேசுடன் வந்து இறங்கினால், அதைக் காணாதவர்போல மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருப்பதும் எங்கள் ஊர் மரியாதைதான்.

சிவதர்சினியும் இந்த வழக்கத்தை மீறவில்லை. ஆனால் அவளுடைய கதை கொஞ்சம் வேறு. மற்றவர்கள் வேலை தேடி வெளிநாடு போனார்கள். இவளுக்கு வெளிநாட்டு வேலை வட்டக்கச்சிக்கே வந்திருந்தது.

வவுனியாவில் கணினி படித்தவள். விறாந்தையை மறித்து எடுத்த சின்ன அறையில், லிஸ்பன் நகரத்துக் கொம்பனி ஒன்றுக்கு ஐந்து வருடமாக வேலை செய்கிறாள். அங்கத்தைய ஆஸ்பத்திரிகளில் நோயாளருக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் மென்பொருளில் பிழை பிடிப்பது அவளுடைய வேலை. அவர்களுக்கு விடிந்து ஒன்பது மணி ஆகும்போது இங்கே பகல் ஒன்றரை. அதற்கு முன்பே சோறும் குளத்து மீன் குழம்பும் வைத்து, முருங்கையிலையைச் சுண்டி மூடிவிட்டு, தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவாள். கறண்ட் போனால் பற்றரி, பற்றரியும் போனால் மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சி. ஊருக்கு அது 'கொம்பியூட்டர் வேலை'. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

சித்திரை பிறக்க முன்னர் கொம்பனியிலிருந்து கடிதம் வந்தது. வருகிற தை மாதத்திலிருந்து, நோயாளரின் விபரங்களை ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து யாரும் தொட முடியாதாம். அங்கே வந்து இருந்துகொண்டு இதே வேலையைச் செய்யலாம். இல்லாவிட்டால் மார்கழியோடு முடிந்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு தங்கள் நாட்டுக் கொம்பனிகளுக்கு வேலை செய்கிறவர்கள் அங்கே வந்து இருப்பதற்கென்று போர்த்துக்கல் ஒரு விசா வைத்திருக்கிறது. அதற்குத் தன் பெயரையும் ஒன்பது வயது மகள் யதுர்ஷிகாவின் பெயரையும் போட்டு விண்ணப்பித்தாள். கணவன் விஜிதரன் இரண்டு போகம் வயல் பார்த்துவிட்டுப் பின்னால் வருவதாக ஏற்பாடு. அந்த ஏற்பாடு முழுவதும் அவளுடையது. அவன் "பாப்பம்" என்று மட்டும் சொல்லியிருந்தான். எங்கள் பக்கத்தில் "பாப்பம்" என்றால் அதை ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். சிவதர்சினி ஓம் என்று எடுத்துக்கொண்டாள்.

பிள்ளைக்குத்தான் பெரிய புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அடியில் ஒரு போர்த்துக்கீசப் புத்தகத்தை ஒளித்து வைத்திருந்தாள்.

"அம்மா, அவையளும் கதிரையைக் கதிரை மாதிரித்தான் சொல்லுகினம்! மேசை, அலுமாரி, சப்பாத்து எல்லாம் எங்கட சொல்லு."

"எங்கட சொல்லு இல்லையம்மா. அவையள் விட்டிட்டுப் போனது."

அவர்கள் விட்டுப்போன கதிரையில் நானூறு வருடம் இருந்துவிட்டு, இப்போது அவர்களிடமே போய் இருக்க விசா கேட்கவேண்டியிருக்கிறது. உலகம் அப்படி.

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, என்ன? மீனம்மா அன்ரிக்கும் சொல்லக்கூடாது."

பிள்ளை தலையாட்டினாள்.

மீனம்மா பக்கத்துக் காணி. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வந்த குடும்பம். அவளுக்கு அரை ஏக்கர் வயல், அதுவும் விஜிதரனுடைய வயலுக்கு அடுத்து, அதே வாய்க்காலில். மிச்ச நாளில் கூலிக்குக் களை பிடுங்கப் போவாள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில்தான் சிவதர்சினிக்கு வேலை தொடங்குவதால், பிள்ளையைக் கூட்டி வந்து சோறு போட்டுக் கொடுப்பது நாலு வருடமாக மீனம்மாவின் பொறுப்பு.

ஆனி மாதம், சோளகக் காற்று புழுதியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தது. சிறுபோக வயலுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் முறை வைத்து வந்தது. வியாழக்கிழமைகளில் காலை ஏழு மணியிலிருந்து பதினொன்றரை வரை விஜிதரனுடைய முறை. பிறகு மீனம்மாவுடையது. முறை நேரத்தில் ஒரு மனிதனுக்குத் தாய் தகப்பன் கிடையாது, மண்வெட்டியும் மடையும்தான். மேட்டு வயல் துண்டுக்குத் தண்ணீர் ஏறாததால் அவன் வரம்பை வெட்டிக்கொண்டு நின்றபோது, சேட்டுப் பையில் பொலித்தீனால் சுற்றியிருந்த போன் அடித்தது. கொழும்பு இலக்கம். தெரியாத இலக்கம்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த சிங்களப் பெண்பிள்ளையின் குரல். மரியாதையான குரல்.

"விஜிதரன் மிஸ்டர்தானே? நாங்கள் விசா விஷயமா எடுக்கிறது. சிவதர்சினி போன் எடுக்கல்ல. இரண்டாவது நம்பர் உங்கட நம்பர். ஒரு சின்ன விசாரணை மட்டும்."

சிவதர்சினி அன்றைக்குப் பெற்றோர் கூட்டத்தில், போனை நிறுத்திவிட்டு இருந்தாள்.

"சிவதர்சினி வெளிநாட்டுக் கொம்பனிக்கு வீட்டில இருந்து வேலை செய்யிறாங்களா?"

"இல்லை."

"இல்லையா?"

"இல்லை. அவ வீட்டில சும்மாதான். சமையல் சாப்பாடு."

"வெளிநாடு போறதுக்கு யோசனை இருக்கா?"

"இல்லையே. இஞ்சை ஒருத்தரும் ஒரு இடமும் போகேல்லை."

"நல்லாத் தெரியுமா மிஸ்டர்?"

"ஓம், ஓம். வடிவாத் தெரியும்."

அந்தப் பிள்ளை நன்றி சொல்லிவிட்டு வைத்தது. விஜிதரன் போனைத் திரும்பப் பொலித்தீனில் சுற்றினான். பயம் இன்னும் விடவில்லை. ஆனால் அதற்குள், ஏதோ ஒரு வேலையைச் சரியாகச் செய்து முடித்த திருப்தியும் இருந்தது. தண்ணீர் மேட்டுத் துண்டில் ஏறத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, பிளேன்ரீ குடித்தான். ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பத்தில் கூறப்பட்டவை விசாரணையில் கிடைத்த தகவல்களுடன் பொருந்தவில்லை, விண்ணப்பதாரர் வேலை எதுவும் செய்வதாகத் தெரியவில்லை, பத்து வேலை நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். சிவதர்சினி அதை மூன்று தரம் வாசித்தாள். பிறகு குசினி வாசற்படியில் வந்து இருந்தாள். விஜிதரன் அங்கே மண்வெட்டிக்கு ஆப்பு இறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஆரோ எங்களைப் பற்றிச் சொல்லியிருக்கினம். நான் வேலையே செய்யிறேல்லையாம். இஞ்சருங்கோ, உங்களுக்குக் கோல் ஏதும் வந்ததோ?"

"இல்லை," என்றான்.

அந்தச் சொல் அவனைக் கேட்காமலே வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திருப்பி எடுக்க அவனுக்குத் தெரியவில்லை.

"அப்ப ஆர்? இஞ்சை வீட்டுக்கை வந்து போற ஆள் ஒரு ஆள்தான்."

"சும்மா இரும் தர்சினி. அவ அப்பிடிப்பட்ட மனிசி இல்லை."

"எனக்கு வேற ஆரைக் கேக்கிறதெண்டு தெரியேல்லை!"

அன்று பகல் மீனம்மா பிள்ளையைக் கூட்டிவந்து விட்டபோது சிவதர்சினி படலையடியிலேயே மறித்தாள்.

"மீனம்மாக்கா, என்னைப் பற்றி ஆரேனும் உங்களிட்டை விசாரிச்சவையோ?"

"இல்லையே தங்கச்சி. யாரு விசாரிக்கப் போறாங்க?"

"நான் வேலையில்லாமல் இருக்கிறன் எண்டு ஆருக்கேனும் சொன்னீங்களோ?"

"நான் ஏன் அப்படிச் சொல்றேன்? ராவு பகலா நீ குந்திக்கிட்டு இருக்கிறத நான் பாக்கலியா? என்ன விசயம்?"

விசயத்தைச் சொல்லமுடியாது. அதுதான் சட்டம். சொல்லாமல் குற்றம் மட்டும் சாட்டலாம், சாட்டினாள்.

"ஒண்டுமில்லை. இந்த வீட்டுக் கதை இந்த வீட்டோடை நிக்கவேணும். அதுக்குத்தான்."

மீனம்மா கொஞ்ச நேரம் அவளுடைய முகத்தைப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தது போலிருந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்தாள். பிறகு புத்தகப் பையைப் படலையில் கொளுவிவிட்டு, "சரிங்க," என்றாள். நாலு வருடத்தில் சிவதர்சினியைத் தங்கச்சி என்று கூப்பிடாத முதல் தரம் அது.

அடுத்த நாள் மீனம்மா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. விஜிதரன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிளில் ஏற்றி வரும்போது, மீனம்மா தலையில் புல்லுக்கட்டோடு எதிரே வந்தாள். இவர்களைக் கண்டதும் றோட்டை விட்டு இறங்கி, வாய்க்கால் வரம்பால் சுற்றிக்கொண்டு போனாள். அந்த வழி அரை மைல் கூடுதல். வெயில் கொளுத்தியது.

அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, எச்சில் கையோடு அறை வாசலில் போய் நின்றான்.

"தர்சினி, அது நான்தான்."

"எது?"

"கொழும்பில இருந்து கோல் வந்தது. நீர் வேலை செய்யிறேல்லை, ஒரு இடமும் போகேல்லை எண்டு நான்தான் சொன்னனான்."

அவள் காதிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றினாள். முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கத்தினாள். அவள் கத்தி ஊர் கேட்டதில்லை. யதுர்ஷிகா கிணற்றடிக்கு ஓடிவிட்டாள்.

"விசா எண்டு சொன்னவையோ இல்லையோ?"

"சொன்னவா. வடிவாச் சொன்னவா."

"பிறகு ஏன்? விசர் பிடிச்சதே உங்களுக்கு? விசா எண்டால் ஓம் எண்டெல்லோ சொல்லவேணும்!"

"விசா எண்டு கேட்டோடனைதான் இன்னும் பயந்திட்டன். ஆரோ அறிஞ்சிட்டாங்கள் எண்டு."

"நான் தானே நம்பர் குடுத்தனான்!"

"அது பிறகுதான் யோசிச்சனான். அந்த நேரம் வாய்தான் கதைச்சது." அவன் கையைப் பார்த்தான். சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. "உமக்குத் தெரியுந்தானே, சண்டை முடிஞ்சு முகாமிலயிருந்து வந்து தறப்பாள் கொட்டிலுக்கை இருந்த காலம். வீட்டில எத்தினை பேர், வெளிநாட்டில ஆர், காசு வருதோ எண்டு கிழமைக்கு ஒருக்கா ஆமி கொண்டுவாற ஒரு படிவம். எங்கட கூட்டாளி திலீபன் நேர்மையா எழுதினான், அண்ணன் கனடாவில எண்டு. அவனுக்கு அடிக்கேல்லை. ஒண்டும் செய்யேல்லை. காலமை வரச்சொல்லி, பின்னேரம் மட்டும் ஒரு வாங்கில இருத்தி வைச்சிட்டு விடுவாங்கள். எட்டு மாசம். அந்த முறை அவன்ரை மிளகாய்க் கண்டு முழுக்கத் தண்ணியில்லாமல் செத்துப்போச்சு. அதைப் பாத்தாப்பிறகு, ஆர் கேட்டாலும் இல்லை. தெரியாது. ஒருத்தருமில்லை. பதினைஞ்சு வருசமா அதுதான் என்ரை பதில். அது எங்களைக் காப்பாத்தித்தானே வைச்சிருந்தது?"

கணினியில் யாரோ சிவதர்சினியைக் கூப்பிடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தினாள்.

"நான் கேட்டனான், கோல் வந்ததோ எண்டு. எனக்கும் இல்லை எண்டனீங்கள். நானும் படிவத்தோடை வந்த ஆளோ?"

அவன் கையில் காய்ந்திருந்த சோற்றைச் சுரண்டினான்.

"ஒண்டு கேக்கிறன். உண்மையைச் சொல்லுங்கோ. நாங்கள் போறது உங்களுக்கு விருப்பமில்லையோ? அதுக்காகத்தான் சொன்னீங்களோ?"

"இல்லை." உடனே சொல்லிவிட்டான். பிறகு அந்த 'இல்லை'யை அவனே நம்பாதவன்போல நிலத்தில் குந்தினான். "பொறும். சொல்லேக்க பயத்திலதான் சொன்னனான். சத்தியமா. ஆனால் அவா போனை வைச்ச பிறகு... எனக்கு ஒரு நிம்மதி வந்தது தர்சினி. தண்ணியும் மேட்டுத் துண்டில ஏறினது. எல்லாம் இருந்தபடி இருக்கப்போகுது எண்ட மாதிரி. அதுதான் உமக்குச் சொல்லேலாமல் கிடந்தது. கோல் வந்ததை இல்லை, அதை."

அவள் அழுதாள். கோபத்தில் பாதி, மற்றது என்னவென்று அவளுக்கே தெரியாது. பத்து வருடம் கூட வாழ்ந்த மனிதன் முதல் தரமாக ஒரு கேள்விக்கு முழுப் பதில் சொல்லியிருந்தான். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தாள்.

"மார்கழிக்குப் பிறகு எனக்கு வேலையில்லை. அது விளங்குதோ?"

"விளங்குது."

"வேலை போனால் நான் ஆர்? திரும்பவும் சமையல் சாப்பாடு. நீங்கள் கொழும்புக்குச் சொன்னதுதான் உண்மையாப் போகும்."

"அதுக்கு நான் விடமாட்டன்," என்றான் விஜிதரன். "எழுதும். என்ரை பேரைப் போட்டு உள்ளதை உள்ளபடி எழுதும்."

அடுத்த நாள் காலையில் எழுதினாள். எழுதியதைத் தமிழில் அவனுக்குச் சொன்னாள். என் கணவர் உங்களிடம் பொய் சொன்னார். எங்கள் ஊரில் தெரியாத குரல் கேட்டால் உண்மை சொல்லமாட்டோம், அதற்குக் காரணங்கள் இருந்தன. பயணத்தையும் விசா வரும்வரை ஒருவருக்கும் சொல்லுவதில்லை. அவர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தார். தயவுசெய்து இன்னொரு தரம் அவரைக் கேளுங்கள்.

"மற்றதையும் எழுதும். நிம்மதியா இருந்ததெண்டு."

"அது எனக்குச் சொன்னது. அவைக்கில்லை."

கடிதத்தை அனுப்பிய கையோடு மீனம்மா வீட்டுக்குப் போனாள். மீனம்மா முற்றத்தில் குரக்கன் புடைத்துக்கொண்டிருந்தாள். "அண்டைக்கு நான் கதைச்சது பிழை அக்கா. ஏனெண்டு கேக்காதேங்கோ, பிறகு சொல்லுறன்," என்றாள். மீனம்மா சுளகை வைத்துவிட்டு, "கேக்கலம்மா. பாப்பாவுக்கு நாளைக்கு ஸ்கூல் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆடி பிறந்து முதல் கிழமை பதில் வந்தது. வியாழக்கிழமை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் விஜிதரனுடைய அதே இலக்கத்துக்கு மீண்டும் அழைப்பார்கள்.

"வியாழன் எனக்குத் தண்ணி முறை," என்றான் விஜிதரன். அவள் பார்த்த பார்வையில், "சரி, சரி, நிப்பன்," என்றான். வயலில் காற்று இரைச்சல். ஆகவே வீட்டில், மேசைக்கு முன்னால், கதிரையில் உட்கார்ந்து கதைப்பதென்று தீர்மானமானது. ஏழு மணிக்கு மடையைத் திறந்து விட்டுவிட்டு, ஒன்பதரைக்கு வந்து முகம் கழுவி, வெள்ளைச் சேட்டுப் போட்டான். போனில் கதைக்க எதற்குச் சேட்டு என்று சிவதர்சினி கேட்கவில்லை.

பதினொன்றேகாலுக்குத்தான் அடித்தது. அதே குரல். சிவதர்சினி சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

"சிவதர்சினி வேலை செய்யிறாங்களா மிஸ்டர்?"

"ஓம்."

"எங்கே இருந்து?"

"இந்த அறையிலயிருந்து. ஐஞ்சு வருசம். பகல் ஒண்டரைக்குத் தொடங்கினால் இரவு ஒன்பதரை மட்டும்."

"வெளிநாடு போறதுக்கு யோசனை இருக்கா?"

"ஓம்."

ஒவ்வொரு ஓமுக்கும் அவன் ஒரு பாரத்தைத் தூக்கி வைப்பதுபோல மூச்சு விட்டான்.

"மகளையும் கூட்டிக்கொண்டு போறது. நீங்கள் அப்பா. உங்களுக்குச் சம்மதமா?"

முதல் அழைப்பு இந்தக் கேள்வி வரைக்கும் வரவில்லை. முற்றத்தில் யதுர்ஷிகா கோழியைத் துரத்தும் சத்தம் கேட்டது. விஜிதரன் யன்னலால் பார்த்தான். சிவதர்சினி அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். ஒரு சொல்லில் இரண்டு பேருடைய பயணத்தையும் அவன் நிறுத்திவிடலாம். அது, போனின் மறுபக்கத்தில் இருந்தவளையும் சேர்த்து, மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

"ஹலோ? மிஸ்டர்?"

"ஓம்," என்றான். "சம்மதம்."

"சரி. அவ்வளவுதான். தேங்க் யூ."

"பொறுங்கோ பிள்ளை." சிவதர்சினி திடுக்கிட்டுத் திரும்பினாள். அதிகாரிகளின் குரலிடம், கேட்டதற்கு மேல் அவன் ஒரு சொல் சொன்னதை அவள் கண்டதில்லை. "ஒண்டு கேக்கவேணும். அங்கை சரியான குளிரோ? சின்னப் பிள்ளைக்கு மாரியில சளி பிடிக்கிறது."

அந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்பு.

"எனக்குத் தெரியல்ல அண்ணா. நானும் போனதில்லை. கொழும்பில் இருந்து போன் மட்டும்தான்."

"அப்பிடியோ," என்றான். "சரி பிள்ளை. நீங்களும் ஒருக்காப் போகவேணும்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. சிவதர்சினி அவனுடைய கையின் மேல் தன் கையை வைத்தாள். அவன்தான் முதலில் எழும்பினான்.

"ஐயோ, மடை!"

வெள்ளைச் சேட்டோடு வயலுக்கு ஓடினான். மேட்டுத் துண்டு காய்ந்துதான் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு போனவன் வரம்பில் நின்றுவிட்டான். எல்லாத் துண்டிலும் தண்ணீர் நிறைந்து நின்றது. மேட்டுத் துண்டின் வரம்பு புதிதாக வெட்டி, திரும்ப அணைக்கப்பட்டிருந்தது. மடையடியில் மீனம்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு நின்றாள்.

"காணலியேன்னு நான்தான் பாத்துவிட்டேன் தம்பி. என்ன, கலியாணத்துக்குப் போறாப்ல சேட்டு?"

விஜிதரன் றோட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்தான். பழக்கம். பிறகு, காற்றுக்கு மேலாகச் சத்தமாகவே சொன்னான்.

"மீனம்மாக்கா, தர்சினியும் பிள்ளையும் வெளிநாடு போகினம். விசா இன்னும் வரேல்லை. கேட்டிருக்கினம்."

விசா வரமுன் ஊர் வெளியில் நின்று அதைச் சொன்ன முதல் ஆள் எங்கள் ஊரில் அவனாகத்தான் இருப்பான்.

"தெரியும் தம்பி," என்றாள் மீனம்மா.

"தெரியுமோ?"

"சித்திரையிலயே பாப்பா சொல்லிருச்சு. அந்த ஊருலயும் கதிரைக்குக் கதிரைதானாமே. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிச்சு."

"அப்ப அண்டைக்குத் தர்சினி உங்களோடை கொளுவேக்க... எனக்குத் தெரியும், நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை எண்டு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா புள்ளைக்கு அடி விழும்ல?"

அவள் குனிந்து தன்னுடைய மடையைத் திறந்தாள். தண்ணீர் அவளுடைய அரை ஏக்கரை நோக்கித் திரும்பியது. விஜிதரன் மணிக்கூட்டைப் பார்த்தான். பதினொன்று ஐம்பது. அவளுடைய முறை பதினொன்றரைக்குத் தொடங்கியிருக்கவேண்டும். இருபது நிமிடத் தண்ணீர் அவனுடைய மேட்டுத் துண்டில் நின்றது. அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவன் வெள்ளைச் சேட்டோடு சேற்று வரம்பில் உட்கார்ந்து அழுதான். றோட்டால் போனவர்கள் பார்த்தார்கள். அவர்கள் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று இருந்தான். ஒருவரும் கேட்கவில்லை.